ஸ்லீவ் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சோறு ஏன் இறங்கவில்லை, இனி எப்படிச் சாப்பிடுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எடுத்துச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். எடைக் குறைப்புக்காக இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி அகற்றும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்து உங்களுக்கு ஐந்து வாரங்கள் ஆகின்றன. நீங்கள் சைவம், ஆனால் முட்டை சாப்பிடுவீர்கள். நீர்ம உணவையும் மசித்த உணவையும் சிரமமில்லாமல் கடந்துவிட்டீர்கள். சென்ற வாரம் குழைந்த சாதத்துக்கு மாறியது முதல் இரண்டு மூன்று வாயிலேயே நெஞ்சுக்குழியில் அடைத்துக்கொள்கிறது, சில வேளைகளில் வாந்தியும் வருகிறது. உடம்பில் தெம்பு இருக்காது என்று வீட்டில் இன்னும் ஒரு கரண்டி சாப்பிடச் சொல்கிறார்கள். பழையபடி எப்போது சாப்பிட முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் விவரிப்பதில் பெரும்பகுதி இந்தக் கட்டத்தில் பலருக்கும் நேர்வதுதான். சாப்பிடும் முறையை மாற்றினால் சரியாகிவிடும். வாந்தியைப் பற்றி மட்டும் முதலில் பேசிவிட வேண்டும், ஏனென்றால் அதில் காலதாமதம் கூடாது.

அவசரமாகச் சாப்பிட்ட ஒரு நாளில் வந்து அத்துடன் நின்றுபோகும் வாந்தி அச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் 24 மணி நேரமாகத் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றாலோ, சென்ற வாரம் எளிதாக இறங்கிய மோரும் பருப்புத் தண்ணீரும் இப்போது இறங்க மறுக்கின்றன என்றாலோ, சீரகத் தண்ணீரும் ஓமத் தண்ணீரும் கொடுத்துப் பார்த்துக்கொண்டிராமல் அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடமே போய்விட வேண்டும். குறுக்கப்பட்ட இரைப்பை வளையும் இடத்தில் மேலும் சுருங்கிவிடுவது சிலருக்கு உண்டு. அதை எண்டோஸ்கோப்பி வழியாகப் பலூன் செலுத்தி விரித்துச் சரிசெய்ய முடியும். காய்ச்சல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வேகமாகத் துடிக்கும் இதயம், விடாத வயிற்றுவலி, இடது தோளில் பரவும் வலி ஆகியவை தையல் கோட்டில் கசிவு இருக்கக்கூடும் என்று காட்டும் அறிகுறிகள். முதல் சில வாரங்களில் இவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தொடர் வாந்தியில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது, அது பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. தயமின் எனப்படும் பி1 வைட்டமினை நம் உடல் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் தாங்கும் அளவுக்குச் சேமித்து வைப்பதில்லை. ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடும் ஒருவர் நாள்தோறும் வாந்தியும் எடுத்தால் அந்தச் சிறு சேமிப்பும் தீர்ந்து, பார்வை இரட்டையாகத் தெரிவது, கண்விழிகள் ஆடுவது, நடை தள்ளாடுவது, மனம் குழம்புவது என்று மூளை பாதிக்கப்படும். வெர்னிக்கே என்சபலோபதி என்று பெயர் பெற்ற இந்த நிலையில் சில நாள் தாமதம்கூட நிரந்தர நினைவிழப்பில் முடியலாம். தயமின் இல்லாத உடலில் வெறும் குளுக்கோஸ் ட்ரிப்ஸ் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். எனவே வாந்திக்காக வீட்டுக்கு அருகிலுள்ள சிறிய மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டதைச் சொல்லி, குளுக்கோஸுக்கு முன்பு பி1 ஊசி போட வேண்டுமா என்று நீங்களோ உடன் வருபவரோ கட்டாயம் கேளுங்கள். அப்படிக் கேட்பதை மருத்துவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இனி, சோறு ஏன் இறங்கவில்லை என்பதற்கு வருகிறேன். ஸ்லீவ் சிகிச்சையில் இரைப்பையின் வெளிப்புற வளைவை ஒட்டி நெடுக வெட்டி, அதன் பரப்பில் 75 முதல் 80 சதவீதம் வரை அகற்றிவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழத்தைப் போல நீண்டு ஒடுங்கிய ஒரு குழாய்; அதில் கொள்வது சுமார் 100 முதல் 150 மில்லிலிட்டர். அளவு குறைந்ததைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் சிரமத்துக்கு அதைவிட முக்கியமான காரணம் வேறொன்று. இரைப்பையின் மேற்பகுதி, உணவு வரும்போது தானாகத் தளர்ந்து விரிந்து இடம் கொடுக்கும் தன்மை உடையது. அறுவை சிகிச்சையில் முழுதாக நீக்கப்படுவது அந்தப் பகுதிதான். மிஞ்சிய குழாயின் சுவர் அதிகம் விரிந்து கொடுக்காததால், ஒரு வாய் கூடிப்போனாலும் உள்ளே அழுத்தம் சட்டென்று ஏறி, நெஞ்செலும்புக்குக் கீழே வலியாகவோ நுரைத்த எச்சிலாகவோ வாந்தியாகவோ வெளிப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனும் பெரும்பாலும் அந்த மேற்பகுதியில்தான் சுரக்கிறது. அதனால்தான் உங்களுக்கு இப்போது பசியே தெரிவதில்லை.

இந்தக் குழாய்க்குள் குழைந்த சாதம் போகும்போது நடப்பதைப் பாருங்கள். நன்றாக வெந்த அரிசிச் சோறு ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும் தன்மை உடையது. நாம் அதைப் பிசைந்து, குழம்போ ரசமோ ஊற்றி, ஏறக்குறைய மெல்லாமலே விழுங்கிப் பழகியவர்கள். குழையக் குழைய மெல்லுவது இன்னும் குறைகிறது. மென்மையான உணவுதானே என்று நினைத்துச் சாப்பிட்ட குழைசாதம் உமிழ்நீரோடு கலக்காமல், முழுக் கவளமாகவே போய் அடைத்துக்கொள்கிறது. பிரெட், சப்பாத்தி, இடியாப்பம் ஆகியவையும் பலருக்கு இதே தொல்லையைத் தருகின்றன. நன்கு மென்று தின்னும் மொறுமொறுப்பான தோசையின் ஓரம் இறங்கிவிட்டு, மெத்தென்ற இட்லி அடைத்துக்கொள்வதைப் பார்த்துப் பலர் வியப்பார்கள். காரணம் மெல்லுவதில்தான் இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். கையால் உருட்டி எடுக்கும் ஒரு கவளம் டீஸ்பூன் அளவைவிடப் பல மடங்கு பெரியது. அடுத்த சில மாதங்களுக்குச் சிறிய டீஸ்பூனால் சாப்பிடுங்கள். கையால் சாப்பிட்டே பழகியவர்களுக்கு இது மனத்துக்கு ஒவ்வாததாக இருக்கும், ஆனால் இவ்வளவு எளிதில் பலன் தரும் மாற்றம் வேறு கிடையாது.

ஒரு வாயை வாயிலேயே கூழாகும்வரை மென்று விழுங்கி, ஸ்பூனைக் கீழே வைத்து, அது இறங்கிவிட்டதை உணர்ந்த பிறகே அடுத்த வாயை எடுங்கள். அரைக் கிண்ணம் உணவுக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகட்டும். அதற்கு மேலும் இழுத்துக்கொண்டு போக வேண்டாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து கொறித்தால் அது வேறு பழக்கமாக மாறிவிடும். வயிறு நிறைந்தது என்ற பழைய உணர்வுக்காகக் காத்திருந்தால் தாமதமாகிவிடும், ஏனென்றால் புதிய இரைப்பை வேறு குறிப்புகளைத் தருகிறது. சிலருக்கு ஒரு விக்கல் வரும், சிலருக்கு மூக்கில் நீர் ஒழுகும், சிலருக்குத் தும்மல் வரும், சிலருக்கு நெஞ்சின் நடுவே இலேசான இறுக்கம் தெரியும். உங்களுடைய குறிப்பு எது என்று இரண்டு வாரம் கவனித்தால் பிடிபட்டுவிடும். அது வந்ததும், தட்டில் ஒரே ஒரு ஸ்பூன்தான் மீதி இருந்தாலும் எழுந்துவிடுங்கள். மிச்சம் வைப்பதைப் பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு இது கடினம். தட்டில் எடுக்கும்போதே குறைவாக எடுப்பதுதான் வழி.

இந்த வாரத்துக்கு என்னுடைய ஆலோசனை, சோற்றை நிறுத்திவிட்டு ஒரு படி பின்னால் போங்கள் என்பதுதான். கடைந்த பருப்பு, கெட்டித் தயிர், மசித்த பனீர், மிருதுவாகக் கிண்டிய முட்டை, நன்றாக வெந்து மசிந்த பூசணியும் சுரைக்காயும் ஆகியவற்றோடு ஐந்தாறு நாள் இருந்துவிட்டு மீண்டும் முன்னேறலாம். பொதுவாக முதல் இரண்டு வாரம் நீர்ம உணவு, அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு, அதன் பிறகு மென்மையான உணவு, ஏழெட்டு வாரங்களில் வழக்கமான உணவு என்று கொடுப்பார்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை இந்தக் கணக்கு சற்று மாறும், உங்களுக்குக் கொடுத்த அட்டவணையே உங்களுக்குச் செல்லும். ஆனால் அட்டவணை சொல்வது எப்போது தொடங்கலாம் என்பதை மட்டுமே. அன்றைக்குள் கட்டாயம் தொடங்கியாக வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. காரமும் புளிப்பும் இப்போது எரிச்சல் தரும், குறிப்பாக ஸ்லீவ் செய்தவர்களுக்கு நெஞ்செரிச்சல் அதிகம். புளிக்குழம்பையும் ஊறுகாயையும் இன்னும் சில வாரங்கள் தள்ளிப் போடுங்கள், அமிலம் குறைக்கக் கொடுத்த மாத்திரையை மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள்.

எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. நம் வீட்டுச் சாப்பாட்டில் சோறுதான் நடுவில் இருக்கிறது. குழம்பும் ரசமும் கூட்டும் பொரியலும் அந்தச் சோற்றை இறக்குவதற்காக அதைச் சுற்றி வைக்கப்படுபவை. சிகிச்சைக்குப் பிறகு அந்த அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு அளவை மட்டும் குறைத்தால், சிறிய வயிறு நாலு வாய்ச் சோற்றிலேயே நிறைந்துவிடும், உடலுக்கு வேண்டிய புரதத்துக்கு இடமே இருக்காது. எடை வேகமாகக் குறையும் இந்த மாதங்களில் போதிய புரதம் கிடைக்காவிட்டால், உடல் கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைத்துவிடுகிறது. களைப்பு, கைகால் தளர்ச்சி, வீக்கம், மிகுதியான முடி உதிர்வு எல்லாம் அதன் தொடர்ச்சி. உங்கள் வீட்டார் தெம்பில்லாமல் போய்விடுமோ என்று அஞ்சுவது நியாயமான அச்சம்தான். ஆனால் அந்தத் தெம்பு இன்னொரு கரண்டி சோற்றிலிருந்து வராது. தட்டின் நடுவில் பருப்போ முட்டையோ பனீரோ இருக்க வேண்டும், அதை முதலில் சாப்பிட வேண்டும், பிறகு காய், இடம் இருந்தால் கடைசியாக இரண்டு ஸ்பூன் சோறு. வரிசை இப்படியே நிலைத்துவிட்டால் மற்ற பல சிக்கல்கள் தாமாகக் குறையும்.

நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பது வழக்கமாக வைக்கும் இலக்கு. பலருக்கு 80 கிராம் வரை தேவைப்படும். அசைவம் உண்பவருக்கு 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் கிடைத்துவிடும். உங்களுக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 50 கிராம் பனீரில் சுமார் 9 கிராம், துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த தயிர் 100 கிராமில் சுமார் 7 கிராம் இருக்கிறது. நாம் மீல் மேக்கர் என்று வாங்கும் சோயா உருண்டையில் பாதிக்குப் பாதி புரதம்தான். உலர்ந்த நிலையில் 20 கிராம் எடுத்து வேகவைத்து மசித்தால் 10 கிராம் கிடைக்கும். பருப்பைப் பற்றி நம்மிடையே சற்று மிகையான நம்பிக்கை உண்டு. 20 கிராம் துவரம்பருப்பில் கிடைப்பது 4 கிராம் சொச்சம்தான், சாம்பாரில் மேலாக மொண்டு ஊற்றிக்கொள்ளும் நீரில் அதுவும் இல்லை. இட்லி ஒன்றுக்கு 2 கிராம் வைத்துக்கொள்ளலாம்.

இவற்றை ஒரு நாளில் பொருத்திப் பாருங்கள். காலையில் 150 மில்லி பாலில் ஒரு கரண்டி புரோட்டீன் பவுடர் கலந்து ஒரு மணி நேரத்துக்குப் பரப்பிக் குடித்தால் 25 கிராம் அளவுக்கு வந்துவிடும். பிறகு ஒரு முட்டை, மதியம் பனீரும் கெட்டியாகக் கடைந்த பருப்பும், மாலையில் வடித்த தயிர், இரவு மசித்த மீல் மேக்கர் என்று போனால் 60 கிராமைத் தொட்டுவிடலாம். பவுடர் இல்லாமல் இயற்கையாகச் சாப்பிட முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு முடியும். இப்போது உங்கள் வயிற்றின் கொள்ளளவில், அதுவும் சைவ உணவில், பவுடர் இல்லாமல் 60 கிராமை எட்டுவது ஏறக்குறைய முடியாத காரியம். இதில் வீம்பு வேண்டாம். சர்க்கரை சேர்க்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும். பால் குடித்தால் வயிறு உப்புகிறது, போகிறது என்றால், சிகிச்சைக்குப் பிறகு பாலிலுள்ள லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம். பாலுக்குப் பதில் தயிரிலோ தண்ணீரிலோ கலந்து பாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் பழைய பழக்கம் முற்றிலும் மாற வேண்டும். நாள் முழுதும் குறைந்தது ஒன்றரை லிட்டர் நீர்மம் உள்ளே போக வேண்டும், சென்னை வெயிலில் இரண்டு லிட்டர். ஆனால் சாப்பாட்டோடு ஒரு வாய்கூடக் கூடாது, சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் தொடங்க வேண்டும். சாப்பிடும்போது குடித்தால் ஒன்று அழுத்தம் கூடி வாந்தி வரும், இல்லாவிட்டால் உணவை நீர் அடித்துக்கொண்டு இறங்கி வயிறு சீக்கிரம் காலியாகும். சோற்றில் ரசத்தை நிறைய ஊற்றிச் சாப்பிடுவதும் இதே கணக்கில்தான் சேரும். ரசத்தைத் தெளிவாக வடித்து, தனி வேளையில், கிண்ணத்தில் வைத்துச் சிறுகச் சிறுக அருந்துங்கள். நீர்மோர், தெளிந்த காய்கறிச் சாறு, வெந்நீர் எல்லாம் நல்லவை. அண்ணாந்து மடமடவென்று குடிக்கும் நம் வழக்கம் இப்போது ஒத்துவராது, காற்றும் சேர்ந்து உள்ளே போய் வலிக்கும். டம்ளரில் வாய் வைத்துச் சப்பிக் குடிப்பதை வீட்டில் யாரும் குறையாக எண்ணாமல் இருக்கச் சொல்லிவைத்துவிடுங்கள். முதல் மாதங்களில் மருத்துவமனைக்குத் திரும்பி வருபவர்களில் பலர் நீர்ச்சத்துக் குறைந்துபோய் வருபவர்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவதும், எழுந்தால் தலை சுற்றுவதும் அதன் முதல் அடையாளங்கள். சோடா வகைகள் வேண்டவே வேண்டாம்.

மாத்திரைகளைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்குத்தான் இதைக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்லீவ் செய்துகொண்டவருக்கும், எடைக் குறைப்புக்கான மற்றொரு சிகிச்சையான இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவருக்கும் வைட்டமின்கள் வாழ்நாள் முழுதும் உண்டு. பைபாஸில் இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை மட்டும் உணவுக்கு விடப்பட்டு, மீதி இரைப்பையும் சிறுகுடலின் முதல் பகுதியும் உணவுப் பாதையிலிருந்து விலக்கப்படுகின்றன. இரும்பும் கால்சியமும் பெருமளவில் உறிஞ்சப்படுவது அந்த முதல் பகுதியில்தான் என்பதால் அவர்களுக்கு இழப்பு கூடுதல். ஸ்லீவில் குடல் அப்படியே இருக்கிறது, ஆனாலும் அமிலம் குறைகிறது, உண்ணும் அளவு குறைகிறது. பி12 உறிஞ்சப்படுவதற்கு இன்றியமையாத ஒரு புரதத்தைச் சுரக்கும் இரைப்பைப் பகுதியும் பெருமளவு போய்விடுகிறது.

பி12 குறைவு மெதுவாக வருவதுதான் அதன் ஆபத்து. கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் சேமிப்பு இருப்பதால் முதல் ஓராண்டில் ஒன்றும் தெரியாது, நன்றாகத்தான் இருக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டில் பாதம் மரத்துப்போவதும் நடை தடுமாறுவதும் தொடங்கும். நரம்பில் நேர்ந்த சேதம் முழுதும் மீளாமலும் போகலாம். சைவர்களுக்குத் தொடக்கத்திலேயே சேமிப்பு குறைவாக இருக்கும் என்பதால் நீங்கள் இதில் சற்றும் அலட்சியமாக இருக்கக் கூடாது. நாள்தோறும் 350 முதல் 1,000 மைக்ரோகிராம் மாத்திரையாகவோ, மாதம் ஒருமுறை 1,000 மைக்ரோகிராம் ஊசியாகவோ எடுத்துக்கொள்வது வழக்கம். மாதவிடாய் தொடரும் பெண்களுக்கு இரும்பு நாளொன்றுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் தேவைப்படும். கால்சியம், உணவில் வருவதையும் சேர்த்து, 1,200 முதல் 1,500 மில்லிகிராம். அதை ஒரே வேளையில் விழுங்கினால் உடல் ஏற்காது, 500 அல்லது 600 ஆகப் பிரித்து எடுக்க வேண்டும். மருந்துக்கடையில் பரவலாகக் கிடைக்கும் கால்சியம் கார்பனேட் கரைய இரைப்பை அமிலம் வேண்டும், சிட்ரேட்டுக்கு வேண்டியதில்லை. ஆதலால் சிட்ரேட் என்று கேட்டு வாங்குங்கள். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கினால் ஒன்றை மற்றொன்று தடுக்கும், இரண்டு மணி நேர இடைவெளி தேவை. காபியும் டீயும் இரும்பைத் தடுக்கும். காபியோடு மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் இன்றே மாற்றிக்கொள்ளுங்கள். வைட்டமின் டி, தயமின், துத்தநாகம் முதலியவற்றின் அளவை உங்கள் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களிலும் அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் அந்தப் பரிசோதனை நடக்க வேண்டும், உடம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

வேறு மாத்திரைகள் குறித்து மூன்று எச்சரிக்கைகள் மட்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு, உணவு குறைந்துவிட்ட நிலையில் பழைய அளவு தொடர்ந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். இரத்தக் கொதிப்பு மாத்திரையின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம். மூட்டுவலி, தலைவலிக்குத் தாமாகக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகைகள் புண் உண்டாக்கும், பைபாஸ் செய்தவர்கள் அவற்றைத் தொடவே கூடாது, பாராசிட்டமால் போதும்.

முடி உதிர்வு உங்களுக்கு இன்னும் தொடங்கியிருக்காது. மூன்றாவது மாதத்தையொட்டி வரும்போது பயப்படாமல் இருப்பதற்காக முன்கூட்டியே சொல்கிறேன். அறுவை சிகிச்சையின் அதிர்ச்சியிலும் வேகமான எடை இழப்பிலும் ஏராளமான முடி வேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுநிலைக்குப் போய், சில மாதம் கழித்துச் சேர்ந்து உதிர்கின்றன. வேர் சாவதில்லை, பெரும்பாலும் ஓராண்டுக்குள் மீண்டும் வளர்ந்துவிடும். எண்ணெயும் பயோட்டின் மாத்திரையும் வாங்கிக் குவிப்பதைவிட, புரதத்தையும் இரும்பையும் சரியாக எடுப்பதே பயன் தரும். ஓராண்டு தாண்டியும் நிற்காவிட்டால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவை இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

இனிப்பைப் பற்றி ஒரு சொல். சர்க்கரை மிகுந்த உணவு சிறுகுடலுக்குள் வேகமாக இறங்கும்போது, அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் புரட்டும் வலி, பேதி, படுத்துவிட வேண்டும் போன்ற சோர்வு ஆகியவை வரும். இதை டம்ப்பிங் என்பார்கள். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை தாழ்ந்து நடுக்கம் எடுப்பதும் உண்டு. பைபாஸில் இது அதிகம், ஸ்லீவிலும் வராமல் இல்லை. விருந்துகளில் கவனமாக இருங்கள். இலையில் முதலில் இனிப்பை வைப்பதும் முதல் வாயை அதிலிருந்து எடுப்பதும் நம் வழக்கம். வெறும் வயிற்றில் பாயசமோ அல்வாவோ போவதைவிட மோசமான தொடக்கம் இந்த வயிற்றுக்கு இல்லை. பந்தியில் கூட்டிலிருந்து தொடங்குங்கள், பருப்பும் காயும் மசிந்து சேர்ந்த கூட்டு உங்களுக்கென்றே செய்தது போன்ற பதார்த்தம். பரிமாறுபவரிடம் முன்னதாகவே கையை நீட்டி மறுத்துவிடுவது நல்லது, இலையில் விழுந்த பிறகு அதை வைத்துவிட்டு எழுவது எல்லோர் முன்னிலையிலும் கடினம்.

வீட்டாரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சாப்பிட்டாயா என்று கேட்பதுதான் நம் ஊரில் அன்பின் முதல் வாக்கியம். அந்த அன்பை மறுக்காமல் அதற்கு வேறொரு வேலை கொடுப்பதே நடைமுறையில் பலன் தருகிறது. உங்களுக்குச் சமைப்பவர் மாமியாரோ அம்மாவோ யாராயிருந்தாலும், அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது உடன் அழைத்துச் செல்லுங்கள். எஞ்சியிருக்கும் இரைப்பையின் அளவை மருத்துவரே படம் வரைந்து காட்டினால், இன்னும் ஒரு கரண்டி என்ற வற்புறுத்தல் அன்றோடு நின்றுவிடும். தயிரை வடிகட்டி வைப்பது, பருப்பைக் கெட்டியாகக் கடைவது, காலையில் பவுடரைக் கலந்து தருவது, மாலையில் "இன்னைக்கு எவ்வளவு தண்ணி குடிச்சே?" என்று கேட்பது ஆகியவற்றை அவர்கள் பொறுப்பில் விட்டுவிடுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே பசிக்குமே என்று தட்டில் வைத்து நீட்டும் முறுக்கையும் பிஸ்கட்டையும் மட்டும் கனிவாக, ஆனால் உறுதியாக மறுக்க வேண்டும்.

இங்கே நீங்கள் எழுதாத ஒன்றையும் தொட வேண்டும். சாப்பாடு பலருக்கு வயிற்றை நிரப்புவது மட்டுமாக இருந்ததில்லை. அலுப்புக்கும் தனிமைக்கும் கோபத்துக்கும் அதுதான் ஆறுதலாக இருந்தது. சிகிச்சைக்குப் பிறகு அந்த ஆறுதல் ஒரே நாளில் பறிபோகிறது. குடும்பமே சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது நாலு ஸ்பூனோடு எழுந்து போகிறவருக்கு வரும் துயரம் உண்மையான துயரம், அதை நன்றிகெட்டதனம் என்றோ மனவுறுதி இல்லாமை என்றோ யாரும் சொல்லக் கூடாது. வயிற்றில் பசி இல்லாதபோதும் மனம் உணவைத் தேடும். அது வருகிற நேரத்தையும் வருவதற்கு முன் நடந்ததையும் ஒரு நோட்டில் குறித்துவந்தால், பெரும்பாலும் ஒரே வகையான தருணங்கள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அந்தத் தருணத்துக்கு நடையோ தொலைபேசிப் பேச்சோ ஏதேனும் ஒன்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். அழுகையும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சைக் குழுவிலேயே அதற்கானவர் இருப்பார். உணவுக்குப் பதிலாக மதுவை நாடுகிறவர்களும் உண்டு. இந்தச் சிகிச்சைகளுக்குப் பிறகு மது இரத்தத்தில் வெகு விரைவாக ஏறுகிறது, பழக்கத்துக்கு அடிமையாகும் ஆபத்தும் கூடுகிறது என்பதால் அது உங்கள் வீட்டில் யாருக்கேனும் பொருந்துமானால் சொல்லிவைக்க வேண்டிய செய்தி.

பழையபடி எப்போது சாப்பிட முடியும் என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். இரண்டாம் மூன்றாம் மாதத்தில் பெரும்பாலான உணவு வகைகள் இறங்கத் தொடங்கும், சோறும்கூட, ஸ்பூன் கணக்கில். ஆறாவது மாதத்தையொட்டி ஒரு வேளைக்கு அரை முதல் முக்கால் கிண்ணம், ஓராண்டில் ஏறத்தாழ ஒரு கிண்ணம் என்பது வழக்கமான வளர்ச்சி. வெளியில் சாப்பிட்டால் ஒரு தோசையில் முக்கால் பங்கோடு நிறைந்துவிடும். பழைய அளவு திரும்பாது, திரும்பவும் கூடாது. ஆனால் பசி திரும்பும், அதுதான் பலர் எதிர்பார்க்காதது. இப்போது பசியே இல்லாமல் எடை தானாகக் குறைகிற காலம் ஓராண்டு, மிஞ்சினால் ஒன்றரை ஆண்டு. பிறகு எடை ஓரிடத்தில் நிற்கும், சற்று ஏறவும் செய்யும். 1987-இல் ஸ்வீடனில் தொடங்கி அறுவை சிகிச்சை செய்துகொண்டோரை நீண்டகாலம் பின்தொடர்ந்த ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் இரண்டாண்டுக்குள் தம் எடையில் சராசரியாக 32 சதவீதம் இழந்தார்கள், பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 சதவீதமாக இருந்தது. அந்த ஆய்வில் ஸ்லீவ் இல்லை, எனினும் இறங்கிச் சற்றே ஏறும் அந்தப் பாதை ஸ்லீவிலும் காணப்படுவதுதான். கொஞ்சம் ஏறுவது உடலின் இயல்பு, தோல்வியின் அடையாளம் என்று மனம் உடைய வேண்டாம்.

அதற்கு மேல் ஏறுவது பெரும்பாலும் ஒரே வழியில்தான் நடக்கிறது. மூன்று முட்டையை உங்களால் சாப்பிட முடியாது, ஆனால் ஒரு பாக்கெட் மிக்சரை ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிட முடியும், ஏனென்றால் முறுக்கும் மிக்சரும் பிஸ்கட்டும் வாயிலேயே கரைந்து, அடைக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுகின்றன. ஐஸ்கிரீமும் மில்க்‌ஷேக்கும் சர்க்கரை போட்ட ஜூஸும் அப்படியே. நாலு வேளை இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு குடிக்கும் காபியையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடினமானது இறங்கவில்லை என்பதற்காக எளிதில் இறங்குவதை நோக்கி மெல்ல மெல்ல நகர்வது ஐந்தாவது வாரத்திலேயே தொடங்கிவிடும், நீங்கள் இப்போது நிற்பது சரியாக அந்த இடத்தில்தான். சோறு அடைக்கிறதே என்று ரஸ்க்கைப் பாலில் நனைத்துச் சாப்பிடத் தொடங்காமல், பருப்பையும் முட்டையையும் பனீரையும் மென்று இறக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் எடை பார்த்தால் போதும். இடையில் இரண்டு மூன்று வாரம் அசையாமல் நிற்பது சகஜம். குறைந்து நிலைத்த எடையிலிருந்து தொடர்ந்து நாலைந்து கிலோ ஏறினால் வெட்கப்பட்டு ஒதுங்காமல் உடனே குழுவிடம் செல்லுங்கள். அந்தக் கட்டத்தில் உணவுத் திருத்தத்துக்கும் மருந்துக்கும் இடம் இருக்கிறது. குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் 12 முதல் 18 மாதம் தள்ளிப் போடுங்கள். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்பதால் அதற்கான தடுப்பு முறையையும் இப்போதே மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.